இடது கன்னம்

போன வாரம் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று மைதிலி "அண்ணீ!" என்று கத்தியதோடு விட்டோம். அந்தக் கத்தலைக் கேட்டுச் சித்ரகலா அடுப்பில் பாலை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. அன்று முழுக்க அதைத் துடைக்க அந்த வீட்டில் ஒருவருக்கும் கை ஓடவில்லை.

சித்ரகலா மைதிலியின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். நெற்றியிலிருந்து தாடை வரை ஒரே சிவப்பு. கன்னமெல்லாம் பொடிப்பொடியாகத் தடித்து, கண்ணிமை வீங்கி, பார்க்கவே பாவமாக இருந்தது.

"எரியுதுங்க அண்ணி. நேத்துப் படுக்கறப்பவே லேசா குறுகுறுன்னு இருந்துச்சு. காலைல எந்திரிச்சுப் பாத்தா இப்பிடி."

வேறொரு நாளாக இருந்தால் ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் வீட்டில் படுத்திருக்கலாம். இன்றைக்குச் சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் உப்புச்சர்க்கரை மாற்ற வருகிறார்கள். இரண்டு வீட்டாரும் உப்பையும் சர்க்கரையையும் கை மாற்றிக்கொண்டால் பேச்சு உறுதி. அதுவரை யாரும் யாருக்கும் சம்பந்தி இல்லை. மாப்பிள்ளை தரணீதரனின் அம்மா விஜயராணி, இதற்கு முன் ஒரு வீட்டில் இதே கட்டம் வரை வந்துவிட்டு, "சரிப்படாதுங்க" என்று எழுந்து போனவர். காரணம் கேட்டதற்கு, "மனசுக்கு ஒப்பலைங்க" என்றாராம். அவ்வளவுதான்.

இதில் சித்ரகலாவின் தலை ஏன் உருள வேண்டும் என்று இந்த வாரம்தான் படிக்க உட்கார்ந்தவர்கள் கேட்கலாம். நியாயம்தான். சித்ரகலா இந்த வீட்டு மருமகள், மைதிலியின் அண்ணன் பிரபாகரின் மனைவி. மகளைப் பியூட்டி பார்லருக்கு அனுப்ப மாமியார் சுப்பாத்தாள் ஏற்பாடு செய்தபோது, "வேண்டாங்க அத்தை, மொகத்தை என்கிட்ட உடுங்க" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னவள் இவள்தான்.

அவள் செய்ததும் ஒன்றும் பெரிய வித்தையில்லை. காலையில் பச்சைத் தண்ணீர், அப்புறம் பயத்தமாவு. சோப்பு வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் தயிரில் ஒரு சிட்டிகை கஸ்தூரி மஞ்சள் குழைத்துப் பூச்சு. அது காய்ந்து இறுகுவதற்குள் கழுவிவிட வேண்டும். பிறகு கற்றாழைச் சோறு, கடைசியில் பன்னீர். முகத்தைத் துண்டால் தேய்க்கக் கூடாது, மெல்லிய பனியன் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். "அழுத்தித் தொடைக்கறதுக்கு அது என்ன டிவிஎஸ் வண்டியா?" என்று மைதிலியிடம் தினமும் சண்டை பிடிப்பாள். மைதிலியின் முகம் தெளிந்துவந்ததைப் பார்த்துத் தெருப் பெண்கள் அவளிடம் மாவு கேட்டு வாங்கிப் போனார்கள். சுப்பாத்தாளுக்கு அது வெளியே பெருமையாகவும் உள்ளே எரிச்சலாகவும் இருந்தது.

அந்த எரிச்சல் முழுவதும் இப்போது வெளியே வந்தது.

"படிச்சுப் படிச்சுச் சொன்னனே! பார்லருக்குத் தாட்டி உடலாம்னு சொன்னனா இல்லியா? பெரிய டாக்டராட்ட, மாவக் கரைக்கறேன், மஞ்சளக் கரைக்கறேன்னு என்ற புள்ள மொகத்தத் தீச்சுப் போட்டியே!"

"அத்தை, அதே மாவுதானுங்க இத்தன நாளாப் போட்டது. ஒண்ணும் ஆகலீங்களே?"

"இன்னிக்கு ஆயிருச்சல்ல? எதிர்ல நிக்கிறாளே, கண்ணு தெரியல?"

"அம்மா, அண்ணியத் திட்டாதீங்க" என்றாள் மைதிலி. அவளுக்கு அழுகை வந்தது. கண்ணீர் பட்ட இடம் இன்னும் எரிந்ததால் அழக்கூட முடியவில்லை.

மாமனார் நஞ்சப்பன் வாசலில் நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தவர், "அட கெரகமே!" என்று தலையில் கை வைத்தார். "அவியளுக்கு போனப் போட்டு, இன்னொரு நாள் வெச்சுக்கலாம்னு சொல்லிப் போடட்டா?"

"சொல்லுங்க! புள்ளைக்கு என்னமோ சீக்குன்னு ஊரே பேசட்டும்!" என்று சுப்பாத்தாள் அவர்மேல் பாய்ந்தாள். "பார்லர்க்காரி வந்து மூடி மறைச்சு உட்டுருவா. நான் வரச் சொல்லீட்டேன்."

"வேண்டாங்க அத்தை! இது மேல மேக்கப் போட்டா இன்னும் பொங்கிக்கும்."

"நீ பேசாத. இனிமே இந்த ஊட்ல மொகத்தப் பத்தி நீ பேசாத."

சொன்னதோடு நிற்கவில்லை. சமையலறைக்குப் போய் மாவு டப்பாவை எடுத்துவந்து, சித்ரகலாவின் கண் எதிரே குப்பை வாளியில் கவிழ்த்தாள். வறுக்காமல் நிழலில் உலர்த்தி, அரைத்து, இரண்டு முறை சலித்த மாவு. சித்ரகலாவுக்கு ஆத்திரம் பொங்கியது. கட்டி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் அவளுடையது என்று சொல்லிக்கொள்ள இருந்தது அந்த ஒரு கைப்பக்குவம்தான்.

அவள் நேராகப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். நேற்று மைதிலிக்குக் குழைத்ததில் மீதிப் பூச்சு கிண்ணத்தில் மூடி இருந்தது. அதை எடுத்துவந்து ஹாலின் நடுவில், டியூப்லைட் வெளிச்சத்துக்கு நேராக உட்கார்ந்தாள். எல்லோரும் பார்க்கத் தன் முகம் முழுக்க அப்பிக்கொண்டாள்.

"என்ன கூத்து இது?"

"நேத்து அவ மொகத்துல போட்ட அதே கிண்ணமுங்க அத்தை. என்ற மொகம் பொங்கினா, நானே வாசல்ல நின்னு, என்னாலதான் ஆச்சுன்னு வர்றவங்ககிட்டச் சொல்லிக்கறேன். பொங்கலைன்னா நீங்க கொட்டுன மாவ நீங்களே அரைச்சுக் குடுக்கோணும்."

மாமியாரிடம் இப்படிப் பேசியது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. சுப்பாத்தாள் முகத்தை வெட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். சுவரில் ஃபேன் நிழல் சுற்றிக்கொண்டிருந்தது. பூச்சு ஓரங்களில் காய ஆரம்பித்தது. சித்ரகலாவின் மனசுக்குள் வேறொரு பயம் ஓடியது. உண்மையிலேயே பொங்கிவிட்டால்? தயிர் புளித்திருந்தால்? மஞ்சள் வேறு கடையில் வாங்கியதாயிற்றே?

எழுந்து கழுவினாள். முந்தானையால் ஒற்றிக்கொண்டு வந்து மாமியார் முன்னால் நின்றாள். முகம் அப்படியேதான் இருந்தது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்கள். அப்போதும் ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை.

"உன்ற தோலு எருமைத் தோலு. என்ற புள்ளைக்கு அப்பிடியா?" என்றாள் சுப்பாத்தாள். ஆனாலும் குரலில் முன்பிருந்த சூடு இல்லை.

அந்த நேரம் பார்த்துச் சித்ரகலாவின் போன் அடித்தது. பிரபாகர் நடத்தும் பனியன் தைக்கும் யூனிட்டில் டெய்லராக இருக்கும் செல்லத்தாய். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து குடும்பத்தோடு இங்கே பக்கத்து வீரபாண்டியில் இருப்பவள். சித்ரகலாவிடம் மாவு வாங்குகிறவர்களில் ஒருத்தி.

"எக்கா, நான் செல்லத்தாய் பேசுதேன். விசேச வீட்டுல தொந்தரவு பண்ணுதேன்னு நெனைக்காதீங்க. ஒங்க மஞ்ச மாவு கொஞ்சம் வேணும்க்கா. கை ரெண்டும் தடிச்சுப்போய்க் கெடக்கு, அரிப்பு தாங்க முடியல."

"எப்ப இருந்து செல்லம்?"

"இந்தக் கொழந்தைச் சட்டைத் துணி வந்ததுலேருந்துதான். பக்கத்து டேபிள்ல ரெண்டு பேத்துக்கும் இதே கததான். வேர்த்த கையோட தொட்டா அம்புட்டுத்தான். பிரபாகர் அண்ணன்கிட்டச் சொன்னேன். கையக் கழுவிட்டு வந்து உக்காருன்னுட்டாக."

சித்ரகலா போனைக் காதில் வைத்தபடி அப்படியே நின்றுவிட்டாள். குழந்தைச் சட்டைத் துணி. வெள்ளை இன்டர்லாக், மெத்தென்ற பின்னல் துணி. அந்தத் துணியின் கட்டிங் வேஸ்ட்தான் ஒரு மூட்டை, வண்டி நிறுத்தும் இடத்தில் கிடக்கிறது. பிரபாகர் போன வாரம் கொண்டுவந்து போட்டது.

இந்தப் பனியன் ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் வேஸ்ட் துணிதான். அடுப்புத் துடைக்க அது, வண்டி துடைக்க அது, கைக்குழந்தைக்கு அடியில் விரிக்க அது. நல்ல வெள்ளையாக இருந்தால் முகத்துக்கும் அதுதான். கடைக்குப் போகாமலே கண் முன்னால் வெட்டி விழுகிற துணியை எடுத்து அலசிவிட்டுப் பயன்படுத்த வேண்டும் என்று இங்கே பிறந்து வளர்ந்த யாருக்கும் தோன்றாது. சித்ரகலாவுக்கும் தோன்றவில்லை. பழைய துண்டுகள் சாயம் ஏறிக் கிடந்தன. உப்புச்சர்க்கரைக்கு முதல் நாளாயிற்றே, புதுசாக இருக்கட்டும் என்று நேற்றுச் சாயங்காலம் அந்த மூட்டையிலிருந்து ஒரு துண்டை வெட்டினாள். பன்னீரில் நனைத்தாள். மைதிலியைப் படுக்க வைத்து, கண்ணுக்கும் மூக்குக்கும் மட்டும் இடம் விட்டு முகத்தின்மேல் அதை விரித்தாள். "அப்பிடியே கண்ண மூடிப் படுத்துக்க சாமி" என்று சொல்லிவிட்டு உளுந்து அரைக்கப் போனாள். திரும்பி வந்து எடுக்க நேரமாகிவிட்டது.

ஓடினாள். மூட்டையிலிருந்து ஒரு துண்டை உருவி, குழாயடியில் நனைத்து, விரல்களுக்கு நடுவில் தேய்த்தாள். சோப்பு போடாமலே வழுக்கியது.

நேற்றும் இப்படித்தான் வழுக்கியது. எவ்வளவு மிருதுவான துணி என்று நேற்று சந்தோஷப்பட்டிருந்தாள்.

ஈரத் துண்டை மடித்து இடது கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். அப்படியே சமையல் வேலையையும் பார்த்தாள். ஒரு கையால் தேங்காய் துருவுவது எப்படி என்று கேட்காதீர்கள், அன்றைக்குத் துருவினாள். பச்சைப்பயறு வெந்து இறங்கும்போது கன்னம் சுள்ளென்று எரிய ஆரம்பித்தது. சுண்டல் தாளித்து முடித்தபோது கண்ணாடியில் போய்ப் பார்த்தாள். இடது கன்னம் சிவந்து, மைதிலிக்கு இருந்த அதே பொடிப்பொடித் தடிப்பு. வலது கன்னம் சும்மா இருந்தது.

மாவு செய்யவில்லை. மஞ்சள் செய்யவில்லை. அவள் கைதான் செய்தது, அவள் வெட்டிய துணிதான் செய்தது. அழுகையும் கோபமும் ஒட்டுக்கா வந்தன.

பிரபாகர் யூனிட்டிலிருந்து வந்ததும் வராததுமாக அவனை மாடிப்படிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். கன்னத்தைக் காட்டினாள். நனைத்த துண்டை அவன் கையில் வைத்தாள். அவன் அதைத் தேய்த்துப் பார்க்கவே இல்லை. அதிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

"உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"மெதுவாப் பேசு புள்ள."

"தெரியுமான்னு கேட்டேன்."

பிரபாகர் சுற்றும் முற்றும் பார்த்தான். "பிளீச்சிங் பண்ணுன எடத்துல கடைசி அலசு சரியா உடல, காரம் துணிலயே தங்கிருச்சு. துணி வந்த அன்னிக்கே கட்டிங் மாஸ்டர் சொன்னாரு. திருப்பித் தாட்டி உட்டா மறுபடியும் வர்றதுக்குள்ள லோடு தவறிப் போயிரும். இத்தன வருசம் அடுத்தவனுக்கு ஜாப் ஒர்க் பண்ணிட்டு, இப்பத்தான் சொந்தமா மொதல் ஆர்டர் எடுத்துருக்கேன். அது உனக்குத் தெரியாதா?"

"குழந்தைங்க போடற சட்டைங்க அது!"

"வாங்கறவங்க ஒருக்கா அலசித்தான் போடுவாங்க. புதுத் துணிய யாராச்சும் அப்பிடியே குழந்தைக்குப் போடுவாங்களா?"

"நம்ம போட்டமே! அலசுனமா? துணி ஊர்க்காரங்க நம்ம, நமக்கே தோணலியே!"

 அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கட்டி ஏழு வருஷத்தில் இப்படிக் கெஞ்சி அவள் பார்த்ததில்லை.

"சித்ரா, லாரி நிக்குது. ஏத்திட்டு இருக்காங்க. இன்னிக்கு மட்டும் வாயத் தொறக்காமப் பொட்டாட்ட இரு. அவிய வந்து உப்பு மாத்திட்டுப் போகட்டும். அதுவரைக்கும் மொகம் உன்ற மாவுனாலதான்னே இருக்கட்டும். அம்மா திட்டுனாத் திட்டிட்டுப் போகட்டும். துணி விசயம் வெளிய தெரிஞ்சா, என்னைய நம்பி இனி எவன் ஆர்டர் குடுப்பான்? சம்பந்தி ஊட்ல என்ன நெனைப்பாங்க? மைதிலி கல்யாணமும் சேந்து போயிரும்."

சித்ரகலா கையை விடுவித்துக்கொண்டாள்.  புருஷனுக்காகப் பழியைச் சுமக்கச் சொன்னால் சுமக்கலாம். அதுவும் மைதிலியின் கல்யாணத்துக்காக என்றால் நிச்சயம் சுமக்கலாம். ஆனால் எந்த ஊரிலோ எந்தத் தாயோ பாக்கெட்டைப் பிரிக்கிற காட்சி அவள் கண்ணைவிட்டுப் போக மறுத்தது.

பார்லர்க்காரி வந்து முகத்தைப் பார்த்ததும், "ஐயோ, இதுக்கு மேல நான் கை வைக்க மாட்டேங்க" என்று பெட்டியைத் திறக்காமலே போய்விட்டாள். பக்கத்து டாக்டர் ஒரு களிம்பும் மாத்திரையும் கொடுத்தார். வீக்கம் கொஞ்சம் வடிந்தது, சிவப்பு அப்படியே இருந்தது. மைதிலி பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, வெறும் முகத்தோடு உட்கார்ந்தாள்.

"வர்றவங்க பாக்கட்டும் அண்ணி. மொகந்தான் காரணம்னா போகட்டும்" என்றாள். 

வெயில் சாய்ந்ததும் வந்தார்கள். தரணீதரன், அவன் அப்பா, அம்மா விஜயராணி, அக்கா மோனிஷா, மோனிஷாவின் இடுப்பில் ஒரு கைக்குழந்தை. குழந்தை காரிலிருந்து இறங்கும்போதே அழுதுகொண்டிருந்தது.

விஜயராணி மைதிலியைப் பார்த்தார். பார்வையை நகர்த்தவில்லை. "என்னுங்க இது?" என்றார்.

"அது ஒண்ணுமில்லீங்க" என்று சுப்பாத்தாள் முந்திக்கொண்டாள். "நம்ம மருமக கைமருந்து. மாவு, மஞ்சள்னு என்னத்தையோ போட்டு உட்டுட்டா. ரெண்டு நாள்ல சரியாப் போயிருமுங்க."

எல்லோரும் சித்ரகலாவின் பக்கம் திரும்பினார்கள். அவள் இடது கன்னம் மட்டும் சிவந்து நிற்பதை அப்போதுதான் விஜயராணி கவனித்தார். பிரபாகர் தரையைப் பார்த்தான். சித்ரகலா பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆமாங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தை சொல்வதற்குள் அவளுக்கு உயிர் போய் வந்தது.

தட்டுகளை நடுவில் கொண்டுவந்து வைத்தார்கள். இந்தப் பக்கம் உப்பு, சர்க்கரை. அந்தப் பக்கம் உப்பு, சர்க்கரை. நஞ்சப்பன் கையைக் கூப்பிக்கொண்டு கிழக்குப் பார்த்து உட்கார்ந்தார். குழந்தை வீறிட்டது.

"என்னன்னே தெரிலீங்க, ரெண்டு நாளா இப்பிடித்தான்" என்றாள் மோனிஷா. தோளில் போட்டுத் தட்டினாள், அடங்கவில்லை. "வேர்க்குருன்னு நெனைக்கிறேன். காத்தோட்டமா இருக்கட்டும்னு அண்ணா குடுத்த சட்டையத்தான் மாத்தி மாத்திப் போட்டுட்டு இருக்கேன்."

சித்ரகலா குழந்தையைப் பார்த்தாள். வெள்ளை இன்டர்லாக் ஜபலா. நெஞ்சில் சின்ன நீல வாத்துப் படம். முன்னொரு நாள் இவர்கள் பெண் பார்க்க வந்தபோது, "நம்ம யூனிட் சரக்குங்க, மொதல்ல நம்ம குழந்தை போடட்டும்" என்று பெருமையாகப் பிரபாகர் எடுத்துக் கொடுத்த சாம்பிள், அதே துணியில் தைத்தது. ஒரு பை நிறையக் கொடுத்திருந்தான்.

"அலசிப் போட்டீங்களா?" என்று கேட்டாள் சித்ரகலா. தன் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"புதுசுதானுங்களே? பாக்கெட்டப் பிரிச்சு அப்பிடியே போட்டுட்டேன். இதுவும் இன்னிக்குப் பிரிச்சதுதான்."

பிரபாகரின் முகம் வெளிறியது. சித்ரகலா அவனைப் பார்க்கவில்லை. இரண்டு எட்டு வைத்துப் போய்க் குழந்தையை வாங்கினாள்.

"ஏம்புள்ள, என்ன பண்றே? நல்ல நேரம் போகுது!" என்று சுப்பாத்தாள் அதட்டினாள்.

சித்ரகலா குழந்தையை மடியில் கவிழ்த்துப் போட்டு ஜபலாவைக் கழற்றினாள். கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் முதுகு முழுக்கவும் செக்கச்செவேலென்று தடித்திருந்தது. மைதிலி எழுந்து வந்து குனிந்து பார்த்தாள். தன் கன்னத்தைத் தொட்டுக்கொண்டாள். அண்ணியின் இடது கன்னத்தைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"மாவு இல்லீங்க" என்றாள் சித்ரகலா, விஜயராணியைப் பார்த்து. "நான் இப்ப ஆமான்னு சொன்னது பொய்ங்க. மைதிலிக்கும் எனக்கும் குழந்தைக்கும் ஒரே துணிங்க. சரியா அலசாத துணி. நாந்தான் தெரியாம அவ மொகத்துல போட்டேன்." பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, லாரி கெளம்பிருச்சுங்களா?"

பிரபாகர் டீப்பாய்ப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.  மோனிஷா குழந்தையைப் பிடுங்கித் தன் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டாள். தரணீதரன் அந்த ஜபலாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

டீப்பாய் மேல் பிரபாகரின் போன் இருந்தது. மைதிலி அதை எடுத்துவந்து அண்ணன் முன்னால் நீட்டினாள்.

"பேசுங்கண்ணா."

"மைதிலி, உன்ற கல்யாணம்..."

"பேசுங்க."

விஜயராணி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.  ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை. உப்புத் தட்டின்மேல் கையை வைத்தபடி பிரபாகரைப் பார்த்தார்.

"அந்த போனப் பேசிட்டு வாங்க தம்பி. அதுக்குப் பொறவு இது மாறுதா இல்லியான்னு பாக்கலாம்."

பிரபாகர் லாரியை நிறுத்தச் சொல்ல டிரைவருக்கு அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. அவன் மறுபடியும் அடித்தான்.